தட்டில் விழாத தேதி

திருவண்ணாமலையில் கடை வைத்திருப்பவனிடம் யாரும் சும்மா ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. கூடவே ஒரு கதையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மலைமேல் வெளிச்சம் போனது, கிரிவலப் பாதையில் ஒரு சாமியார் கூடவே நடந்து வந்தார், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், இப்படி. இருபது வருஷமாகக் கேட்கிறேன். இந்த ஊரில் சித்தரைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி, இரண்டு மூன்று பேரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். "உங்க வாயிலதான் சனி உக்காந்திருக்கு" என்பாள் என் மனைவி. அதனால் இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், எதிர் ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில்.

என் கடை செங்கம் ரோட்டில், ஆசிரமப் பக்கம். ஜெராக்ஸ், டைப்பிங், அப்புறம் பழைய கல்யாண கேசட்டுகளை டிவிடியாக மாற்றிக் கொடுப்பது. டிவிடி என்றால் இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அப்போது நல்ல ஓட்டம். மற்ற கடைகளில் டிவிடித் தட்டின்மேல் மார்க்கரால் கிறுக்கிக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர் உப்பிக்கொண்டு பிளேயருக்குள் மாட்டிக்கொள்ளும், அதை நோண்டி எடுக்க நம்மிடமே வருவார்கள். என்னிடம் இருந்த டிவிடி ரைட்டர் வேறு மாதிரி. படத்தையெல்லாம் ஏற்றி முடித்ததும் தட்டை எடுத்துக் கவிழ்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அடிப்பக்கத்தில் படத்தை எழுதிய அதே லேசர், மேல்பக்கத்துப் பூச்சைச் சுட்டுப் பேர், போட்டோ எல்லாவற்றையும் பழுப்பு நிறத்தில் எழுதிவிடும். உள்வட்டத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி ஓரம்வரைக்கும் வரும். ஒரு தட்டுக்கு இருபது நிமிஷம், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இதற்கென்று பொன் நிறத்தில் தனித் தட்டு விற்றார்கள். பஜனை பதிவு பண்ணுகிற வெள்ளைக்காரர்கள் இதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். ஒரே குறை, நாளாவட்டத்தில் எழுத்து வெளுத்துப்போகும். அதை முன்கூட்டியே சொல்லித்தான் கொடுப்பேன்.

ஒரு நாள் முனிரத்தினம் என்று ஒரு பெரியவர் ஒரு கல்யாண கேசட்டையும் ஒரு போட்டோவையும் எடுத்துக்கொண்டு வந்தார். வேங்கிக்கால் தாண்டி நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவருக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தம்பி மனைவி, பெயர் வசந்தா.

"தம்பி, எங்க ஏழுமலைக்குக் காரியம் வச்சிருக்கோம். என் கூடப்பொறந்தவன். வர்றவங்களுக்கு ஆளுக்கொண்ணு குடுக்கணும், இருபத்தஞ்சு போதும். உள்ள அவன் கல்யாணப் படம். மேல போட்டோ, பேரு, தோற்றம், மறைவு, எல்லாம் நீட்டா வரணும்" என்றார்.

பிறந்த தேதி சொன்னார், எழுதிக்கொண்டேன். மறைவு எப்போது என்று கேட்டேன்.

"அவன் போன தேதியவே போட்டுடுங்க."

"போன தேதின்னா, இறந்த தேதிங்களா?"

"வூட்ட விட்டுப் போன தேதி."

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்ரா பௌர்ணமிக்கு, மலை சுற்றிவிட்டு வருகிறேன் என்று போன ஏழுமலை திரும்பி வரவே இல்லை. காசியில் பார்த்தேன் என்றான் ஒருவன், இங்கேயே தாடியோடு திரிகிறார் என்றான் இன்னொருவன். அந்த அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றி வந்து, வழியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை சாமியார் முகத்தையும் பார்த்தபடி இருந்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் முடிந்தால் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துக் காரியம் பண்ணிவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். முனிரத்தினத்தின் பெண்ணுக்கு வரன் கூடி வந்திருந்தது. சாவா பிழைப்பா என்று தெரியாத ஓர் ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிப் பந்தக்கால் நடுவது என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

"அண்ணா, மறைவுன்னு போட்டே ஆகணுமா? பேரும் போட்டோவும் மட்டும் போட்டா ஆகாதா?" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பெரியவர் திரும்பினார். "இந்தாம்மா, திதின்னு ஒண்ணு வேணுமா வேணாமா? திதி தெரியாம தெவசம் எந்த நாள்ல குடுக்கறது? அவன் அங்க பசியோட கெடக்கட்டும்னு சொல்றியா?"

"உயிரோட இருந்தாருன்னா, மாமா?"

"இருந்தா பன்னெண்டு வருஷத்துல ஒரு நாளு உன்னப் பாக்க வரமாட்டானா?"

கோபமாகச் சொல்லவில்லை, ரொம்பத் தணிந்த குரலில்தான் சொன்னார். அன்றிலிருந்து நான்காம் நாள் காரியம், அன்றைக்குத் தாலியைக் கழற்றிவிடுவார்கள். எனக்கு மனசு சங்கடப்பட்டது, பொய் சொல்லவில்லை, ஆனால் நம்ம வேலை தட்டில் எழுதிக் கொடுப்பதுதானே என்று கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். நடுவில் போட்டோ, கீழே பேர், அதற்குக் கீழே தோற்றம். மறைவுத் தேதியை மட்டும் ஓரத்தில் வளைவாக, தனியாகப் போட்டிருந்தேன், பார்க்க எடுப்பாக இருக்குமே என்று. திரையில் அழகாக இருந்தது. தட்டைக் கவிழ்த்துப் போட்டேன். முடிந்து வெளியே வந்தால் போட்டோ இருக்கிறது, பேர் இருக்கிறது, தோற்றம் இருக்கிறது. ஓரத்தில் ஒன்றுமே இல்லை.

லேசாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். இந்த ரைட்டரில் ஒரு வசதி, அதே தட்டைத் திரும்பவும் போட்டால் எழுத்துமேல் எழுத்தாக அதே இடத்தில் சரியாகச் சுடும், இன்னும் கறுப்பாகும். போட்டேன். போட்டோ நன்றாகக் கறுத்தது, ஓரம் மட்டும் பளிச்சென்று பொன்னாகவே இருந்தது. சரி, ஓரத்தில்தான் கோளாறு என்று தேதியை உள்ளே கொண்டுவந்து, தோற்றத்தை ஓரத்துக்கு மாற்றினேன். தோற்றம் ஓரத்தில் ஜம்மென்று விழுந்தது. உள்ளே வந்த மறைவு விழவில்லை. எழுத்துருவை மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். அடப் போடா என்று வேறொரு தட்டில், இல்லாத ஓர் ஆளின் பேரைப் போட்டு, அதே தேதியைப் போட்டு, அதே மறைவு என்ற சொல்லையும் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளி குறையாமல் விழுந்தது. ஏழுமலை பேரைத் திரும்பப் போட்டால் மறுபடியும் வெறும் பொன்.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆறு தட்டு பாழ். ஏழாவது தட்டில் மறைவுத் தேதியைப் பழையபடி ஓரத்திலேயே வைத்துவிட்டு, டீக்குப் போகாமல் பக்கத்திலேயே காதைக் கொடுத்து உட்கார்ந்தேன். லேசர் ஓடும்போது மெல்லிசாக ஒரு கிர்ர் சத்தம் இருக்கும், தையல் மிஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி. பதினெட்டு நிமிஷம் அந்தச் சத்தம் சீராக வந்தது. ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. மின்சாரம் போகவில்லை, விளக்கு எரிகிறது, தட்டு உள்ளே சுற்றுகிறது, திரையில் எழுதிக்கொண்டிருப்பதாகத்தான் காட்டுகிறது. ஆனால் சத்தம் இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி அந்த இரண்டு நிமிஷம் கடையே கம்மென்று இருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டேன். ஆட்டோக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்கக் கேட்கக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முனிரத்தினத்துக்குப் போன் பண்ணினேன். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வசந்தா உங்ககிட்ட வந்து அழுதாளா? உண்மையச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "பெரியவரே, நான் இன்னா இங்க நாடகமா ஆடறேன்? நீங்களே உக்காருங்க. நீங்களே அடிங்க, உங்க கண்ணால பாருங்க."

உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தேடித் தேடித் தம்பி வீட்டை விட்டுப் போன தேதியை அடித்தார். புதுத் தட்டைப் பிரித்து அவர் கையாலேயே கவிழ்த்துப் போடச் சொன்னேன். மூன்று பேரும் ரைட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் ஓடியது. பதினெட்டாவது நிமிஷம் நின்றது. சத்தம் நிற்பதைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் அந்த அம்மா சட்டென்று தலையைத் தூக்கினார். பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தட்டு வெளியே வந்தது. எனக்கும் எடுக்கத் துணிவில்லை, அவருக்கும் இல்லை. வசந்தாதான் எழுந்து வந்து எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஓரம் சுத்தமாக இருந்தது.

"இருக்காரு, மாமா" என்றார்.

முனிரத்தினம் என் மேஜைமேல் இருந்த மார்க்கரை எடுத்தார். மிஷின் எழுதாவிட்டால் கையால் எழுதிவிட வேண்டியதுதான் என்று நினைத்திருப்பார். மூடியைக் கழற்றித் தட்டின்மேல் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "என் கையால எப்படிம்மா எழுதுவேன்?" என்று சொல்லி மூடியை மாட்டிவிட்டுத் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்க்க முடியாமல் ரைட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

காரியம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டுக்கு முனிரத்தினம் என்ன சமாதானம் சொன்னாரோ, அந்தக் கல்யாணமும் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ரைட்டரை ரிப்பேர் செய்கிறவனிடம் காட்டினேன், ஒரு கோளாறும் இல்லை என்று அவன் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தான். மறுவாரமே பஜனைத் தட்டுகள் நாற்பது எழுதினேன், எல்லாம் சரியாக விழுந்தது. ஏழுமலை தட்டுகளில் ஒன்றை அந்த அம்மா வாங்கிக்கொண்டு போயிருந்தார், பெரியவர் கையால் போட்டாரே, அந்தத் தட்டு. மற்றவற்றை உடைத்துப் போட்டுவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்றிவிட்டு என் கடையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவார். வெறும் கால் கொப்பளித்திருக்கும். தண்ணீர் கொடுப்பேன். "தாடிக்குள்ள மூஞ்சியத் தேடறது ரொம்பக் கஷ்டம்ணா" என்று சிரிப்பார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மற்றவர்களைப் போல இதை ஒரு நல்ல கதையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து, கார்த்திகை தீபத்துக்குக் கொடியேற்றுகிற நாள். ஊரே ஜே ஜே என்று இருந்தது. பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டிருந்தார்கள், அந்த அம்மா அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தார். பௌர்ணமி இல்லையே, இன்றைக்கு எதற்கு வந்தார் என்று பார்த்தால், கையில் மஞ்சள் துணியில் சுற்றி அந்தத் தட்டு.

"போட்டோ வெளுத்துப்போச்சுண்ணா. பீரோவுக்குள்ளதான் வச்சிருந்தேன், அப்பவும் போயிடுச்சு. பேரும் மங்கிப்போச்சு. அது பரவால்ல, நீங்கதான் அப்பவே சொன்னீங்களே. ஆனா ஓரத்துல, அந்த எடத்துல ஏதோ வருது."

"வருதுன்னா?"

"எழுத்து மாதிரி. நான் படிக்கல. பாத்தவொடனே துணியில சுத்திட்டேன்."

"ஈரத்துல பூச்சு அரிச்சிருக்கும்மா, பழைய தட்டுதானே" என்று சொன்னேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"இருக்கலாம். இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. தூக்கிப் போட்டுடாதீங்க. ஆனா எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க." தலையில் பூ வைத்திருந்தார், நெற்றியில் பெரிய பொட்டு. கோயிலில் வெடிச் சத்தம் கேட்டது, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் பிரித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு நிறைய வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம். வாய்தான் நீளம், நெஞ்சில் ஒன்றும் கிடையாது. டிராயருக்குள் தள்ளிப் பூட்டிவிட்டேன். போகிக்குக் கடையை ஒழித்தபோதுதான் கையில் பட்டது. பட்டப்பகல்தானே என்று பிரித்தேன். போட்டோ இருந்த இடத்தில் ஒரு மங்கல். பேர் சுத்தமாகப் போய்விட்டது. ஓரத்தில், நான் போட்ட அதே வளைவில், நான் போட்ட அதே எழுத்தில், "மறைவு" என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு தேதி. நேற்றுச் சுட்டது போல அடர்த்தியாக இருந்தது. முனிரத்தினம் அடித்த தேதி இல்லை அது. காலண்டரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் பழைய காலண்டரை எடுத்துப் புரட்டினேன். கொடியேற்றம். அந்த அம்மா தட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த அதே நாள்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அன்றைக்கே பிரித்துப் பார்த்திருந்தால்? நாலு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு மலைப் பாதை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால்? பதினாலு கிலோமீட்டர்தானே? ஒருவேளை அந்த மனுஷன் எங்கேயாவது ஒரு மண்டபத்தில் படுத்துக் கிடந்திருப்பார், கடைசியாக ஒரு வாய் தண்ணீராவது அந்த அம்மா கையால் குடித்திருப்பார். இதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது. பாதையில் டீக்கடை வைத்திருப்பவரிடம் விசாரித்தேன், கொடியேற்றத்தன்று வயசான சாமியார் யாராவது தவறிப்போனாரா என்று. "தீபத்து நேரத்துல யாரு வந்தா யாரு போனான்னு எவன் சார் கணக்கு வைக்கிறது?" என்றார்.

சொல்லலாமா கூடாதா என்று எனக்குள் ஒரே போராட்டம். சொன்னால் அந்தப் பொட்டு போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு மனுஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இல்லை, பெரியவர் கேட்டாரே, பசியோடு கிடக்கட்டுமா என்று, அந்தப் பாவம் இப்போது என் தலையில். திதி தெரிந்த ஒரே ஆள் நான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா வழக்கம்போல பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்துகொண்டிருந்தார், நானும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருவரும் அந்தத் தட்டைப் பற்றிப் பேசவில்லை.

மறு வருஷம் ஐப்பசிப் பௌர்ணமி. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, "எடுத்துக்குங்கண்ணா" என்று நீட்டினார். எடுத்துக்கொண்டேன். எழுந்து படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

"அண்ணா, ஒரு உதவி. வர்ற கொடியேத்தத்தன்னிக்கு மலைப் பாதையில யாராச்சும் ஒரு சாமியாருக்கு இலை போட்டு வயிறார ஒரு சாப்பாடு வாங்கிக் குடுத்துடுங்க. வருஷா வருஷம் குடுங்க."

நான் எந்தத் தேதியையும் யாரிடமும் சொன்னதில்லை. எப்படியோ சமாளித்துக்கொண்டு, "ஏம்மா, நீங்களே குடுக்கலாமே?" என்றேன்.

"நான் குடுத்தா அது வேற மாதிரி ஆயிடும்ணா" என்றார். பொட்டு கலையாமல் முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போய்விட்டார்.

அன்றைக்குத் துணியில் சுற்றுவதற்கு முன்னால் படித்துவிட்டாரா, வேறு எப்படியாவது தெரிந்துகொண்டாரா, நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆறு வருஷமாகிறது. ஒவ்வொரு கொடியேற்றத்தன்றும் போகிறேன். முதலில் கண்ணில் படுகிற தாடிக்காரர் முன்னால் இலையை விரித்துச் சாப்பாட்டை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்துவிடுகிறேன்.